வரிமுனைப் புள்ளி

எங்கள் குடியிருப்பின் சங்கத்தார், வீட்டுக்காரர்கள் தங்கள் குறைகளை நேரில் வந்து உரத்த குரலில் சொல்வதைத் தவிர்க்கும் உத்தேசத்துடன், அவற்றைக் கைப்பேசியிலேயே எழுதி அனுப்புவதற்கு ஒரு செயலியை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சென்ற ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல், மாடிப்படி விளக்கு எரியாமை, மேல்நிலைத் தொட்டியில் பாசி, வாசற்கதவின் தாழ்ப்பாள் கழன்று விழுந்தமை என்று ஒன்பது குறைகளைச் சேகரித்துக்கொண்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு கரும்புள்ளி இட்டு, அந்தச் செயலியின் எழுத்துப் பெட்டியில் அரைமணி நேரம் சிரமப்பட்டுப் பதித்து, பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டில் ஓரக்கோடு போட்டு முடித்த சிறுவனுடைய திருப்தியுடன் அனுப்பிவைத்தேன். மறுநாள் சங்கத்தின் காரியதரிசி என்னை அழைத்துத் தம்முடைய கணினித் திரையைக் காட்டினார். ஒன்பது வரிகளும் ஒரே பாராவாகக் குழைந்து கிடந்தன; புள்ளி இருந்த இடங்களிலெல்லாம் தொப்பி அணிந்த ஆங்கில ‘ஏ’ ஒன்று, யூரோ நாணயக் குறி ஒன்று, சென்ட் நாணயக் குறி ஒன்று என்று மூன்று அந்நியர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“தொட்டியில பாசிங்கிறது புரியுது சார். அதுக்கு முன்னால யூரோவுல ஏதோ எஸ்டிமேட் போட்டிருக்கீங்களே, அதுதான் புரியலை” என்றார் அவர்.

நான் எழுதியது இதுவல்ல என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வீடு திரும்பினேன். என் தங்கை மகன் செயலிகள் எழுதும் தொழிலில் இருப்பவன்; அன்று மாலை அவன் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, “மாமா, நீங்க வெச்சது எழுத்து. நீங்க மனசுல நெனச்சது வடிவம். ரெண்டுக்கும் பேரு புள்ளிதான், ஆனா ரெண்டும் வேற வேற பிறவி” என்றான். அந்த ஒரு வாக்கியத்தின் பொருளை அவனிடம் கேட்டும், நானே தேடியும் தெளிவுபடுத்திக்கொள்ளச் சில வாரங்கள் ஆயின. கைப்பேசியில் பட்டியல் எழுதுகிறவர்கள் படும் சங்கடங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு பிறவிகளையும் ஒன்றென்று எண்ணிவிடுவதிலிருந்தே உண்டாகின்றன என்பது என் அபிப்பிராயம்.

எழுத்துப் பெட்டி என்று நாம் திரையில் பார்ப்பது காகிதம் போலத் தோன்றினாலும், காகிதத்தின் லக்ஷணம் ஒன்றுகூட அதற்குக் கிடையாது. காகிதத்தின் எந்த மூலையிலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஓரத்தில் கிறுக்கலாம், இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு வரியை நுழைக்கலாம். பெட்டிக்குள்ளோ, எண்களை மணிகளாகக் கோத்த ஒரே ஒரு சரடுதான் இருக்கிறது. ‘புள்ளி’ என்ற சொல்லை நாம் மூன்றெழுத்து என்று எண்ணுகிறோம். யந்திரமோ ப, உகரக் குறி, ள, மெய்ப்புள்ளி, மறுபடியும் ள, இகரக் குறி என்று ஆறு மணிகளாக அதைக் கோத்து வைக்கிறது. ஒரு வரி முடிந்து மறு வரி தொடங்குவதும் அந்தச் சரடில் ஒரு மணியே: என்டர் விசையை அழுத்தியவுடன், கண்ணுக்குப் புலப்படாத ஓர் எழுத்து, 10 என்ற எண்ணைத் தாங்கியதாக, அங்கே சேர்கிறது. பெயர், கடவுச்சொல் முதலியவற்றைக் கேட்பதற்கு வைக்கும் ஒருவரிப் பெட்டிகள் இந்தப் பத்தாம் எண்ணை ஏற்றுக்கொள்ள மாட்டா. ஆகையால் அவற்றில் பட்டியலிட முயல்வது வீண் பிரயாசை. குறைகளை எழுதக் கொடுத்த பெட்டி பல வரிகளை ஏற்கும் ஜாதியைச் சேர்ந்தது என்பதால் நான் இட்ட வரிமுறிவுகள் பத்திரமாகவே போய்ச் சேர்ந்தன. ஆனால் சங்கத்தின் கணினி அவற்றை வலைப்பக்கமாகக் காட்டியது. வலைப்பக்கம் எழுதப்படும் மொழியிலோ வரிமுறிவுக்கும் சாதாரண இடைவெளிக்கும் பேதம் கிடையாது, வரியை முறிக்க வேண்டுமானால் அதற்கென்று தனிக் குறியை இட்டாக வேண்டும். செயலியை எழுதியவர் அந்தச் சிறிய உபசாரத்தைச் செய்ய மறந்திருந்தார்; என் ஒன்பது வரிகளும் ஒரே வரியாயின.

புள்ளிகள் யூரோவாகவும் சென்டாகவும் மாறிய கதை இதைவிட நீண்டது. அதற்கு அறுபது ஆண்டுச் சரித்திரம் உண்டு.

தமிழனுக்குப் புள்ளி புதிதல்ல. மெய்யெழுத்துப் புள்ளி பெற்று நிற்கும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. எகர ஒகரக் குறில்களும் அக்காலத்தில் புள்ளி பெற்றே வழங்கின. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று பிற்காலத்தில் ஏடெழுதினோர் பெரும்பாலும் அதை விட்டுவிட, எங்கே புள்ளி இருந்திருக்க வேண்டும் என்பதைப் படிப்பவர்கள் அனுமானத்தால் நிரப்பிக்கொண்டார்கள். ஆனால் அது எழுத்தின் தலையில் உட்காரும் புள்ளி. நம்முடைய விஷயம் வரியின் தலையில் உட்காரும் புள்ளி. ஆங்கிலத்தில் இதற்குத் துப்பாக்கிக் குண்டின் பெயரையே வைத்துப் ‘புல்லட்’ என்கிறார்கள். உலகத்து எழுத்துக்களுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு அட்டவணையில் தமிழ் மெய்ப்புள்ளிக்கு ஒரு ஸ்தானமும், புல்லட்டுக்கு 8226 என்ற வேறு ஸ்தானமும் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த 8226-ஐக் கணினிக்காரர்கள் தங்களுக்குப் பிரியமான பதினாறடிமான முறையில் எழுதினால் 2022 என்று வரும். அது ஆண்டின் எண்ணோ என்று மயங்க இடமுண்டு. இவ்விரண்டும் போதாவென்று 183-ஆம் ஸ்தானத்தில் நடுப்புள்ளி என்று மெலிந்த ஒன்றும் இருக்கிறது. பார்வைக்கு மூன்றும் சகோதரர்கள், யந்திரத்துக்கு மூன்றும் ஒன்றையொன்று அறியாத மூன்று பேர்.

1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுத்து வெளியிட்ட ஆஸ்கி என்ற எழுத்துவரிசையில் மொத்தம் 128 ஸ்தானங்களே இருந்தன. அவற்றில் நட்சத்திரக் குறிக்கு இடம் கிடைத்தது, சிறுகோட்டுக்கு இடம் கிடைத்தது, புல்லட்டுக்குக் கிடைக்கவில்லை. அச்சுக்கூடத்தார் ஈயத்தில் வார்த்து வைத்திருந்த புள்ளி, தட்டச்சு யந்திரத்திலும் இல்லை. ஆங்கிலத் தட்டச்சர்களில் சிலர் சிறிய ‘ஓ’ எழுத்தை அடித்து அதன் வயிற்றை மசியால் நிரப்பிச் சமாளித்தார்கள் என்றால், மற்றவர்கள் கோட்டையோ நட்சத்திரத்தையோ வரியின் முன்னே இட்டுத் திருப்தியடைந்தார்கள். இந்த ஏழ்மைக் காலத்துப் பழக்கம் இன்றைய கைப்பேசி வரையில் தொடர்ந்து வந்திருப்பதைப் பின்னால் பார்ப்போம். எண்பதுகளிலும் அதற்கு அப்பாலும் ஒவ்வொரு நிறுவனமும் ஆஸ்கிக்கு மேலே இன்னும் 128 ஸ்தானங்களைத் தன் இஷ்டப்படி சேர்த்துக்கொண்டபோது, மக்கின்டாஷ் கணினியில் புல்லட் 165-ஆம் எண்ணைப் பெற்றது, விண்டோஸில் 149-ஐப் பெற்றது. ஆகவே ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தவர்கள் புள்ளிக்குப் பதிலாக வேறு எதையேனும் தரிசித்தார்கள். 1991-இல் யூனிகோட்டின் முதற்பதிப்பு வந்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரே எண் என்ற நியாயம் பிறந்தது.

நியாயம் பிறந்த பிறகும் வழக்கு முடியவில்லை. 8226 என்ற எண்ணை அப்படியே அனுப்புவதில்லை. யூடிஎஃப்-8 என்ற முறைப்படி அதை 226, 128, 162 என்று மூன்று துண்டுகளாக்கி அனுப்புகிறார்கள். வாங்கிக்கொள்ளும் கணினி அந்த முறையை அறிந்திருந்தால் மூன்றையும் சேர்த்து ஒரு புள்ளியாகப் படிக்கும். அறியாமல், பழைய விண்டோஸ் வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தாலோ, ஒவ்வொரு துண்டையும் தனி எழுத்தாகவே கொள்ளும். அந்தப் பழைய வரிசையில் 226 தொப்பி அணிந்த ‘ஏ’, 128 யூரோ, 162 சென்ட். காரியதரிசியை மிரட்டிய மும்மூர்த்திகளின் பூர்வோத்தரம் இதுதான். என் தமிழ் எழுத்துக்கள் மட்டும் எப்படித் தப்பின என்று வாசகர் கேட்கக்கூடும். தமிழெழுத்தும் ஒவ்வொன்றும் மும்மூன்று துண்டுகளாகத்தான் போகிறது. தமிழ் ஒழுங்காகப் போகிறதா என்பதைச் சோதித்து ஒழுங்குபடுத்தியவர்கள், புள்ளியை மட்டும் பழைய வழியொன்றில் தனியே கையாண்டு கெடுத்திருந்தார்கள் என்று மருமகன் துப்பறிந்து சொன்னான். அந்நியமான லிபியைப் பற்றி எல்லோருக்கும் ஜாக்கிரதை உண்டு. அற்பப் புள்ளியைப் பற்றி யார் சந்தேகிக்கிறார்கள்!

அற்பமென்று நினைத்த புள்ளி செலவு வைக்கும் இடமும் உண்டு. கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்துக்கள் 160 கொள்ளும் என்பது பலரும் அறிந்தது. அந்த 160 என்ற கணக்கு, குறுஞ்செய்திக்கென்றே வகுத்த ஒரு சிற்றெழுத்துவரிசைக்குள் எழுதும் வரையில்தான் செல்லும். அந்த வரிசையில் நட்சத்திரமும் சிறுகோடும் உண்டு, கிரேக்கப் பேரெழுத்துக்கள் சிலகூட உண்டு, புல்லட் கிடையாது. ஆகையால், முழுக்க ஆங்கிலத்தில் எழுதிய செய்தியில் அலங்காரத்துக்காக ஒரே ஒரு புல்லட்டை நுழைத்தாலும், செய்தி முழுவதும் வேறு முறைக்கு மாற்றப்பட்டு, 160 என்ற இடவசதி 70 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஒரு செய்தியாகப் போகவேண்டியது இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்து போகிறது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பயம் இல்லை. நமக்கு ஆரம்பத்திலிருந்தே 70 தான்.

புள்ளியை எழுத்தாக இடுவது என்று தீர்மானித்தவர்களுக்கு அது விசைப்பலகையில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஐபோனின் ஆங்கிலப் பலகையில் எண்களின் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து குறிகளின் பக்கத்துக்குப் போனால், நாணயக் குறிகள் நிற்கும் வரிசையின் கடைசியில் அது இருக்கிறது. அவ்வளவு தூரம் யாத்திரை செய்ய விரும்பாதவர்கள் சிறுகோட்டு விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், நீண்ட கோடுகள் இரண்டுடன் புள்ளியும் மேலே எழும்பித் தலைகாட்டும். ஆண்ட்ராய்டு பேசிகளில் பலரும் உபயோகிக்கும் ஜிபோர்டு பலகையில் எண்களுக்கு அப்பாலுள்ள இரண்டாம் குறிப்பக்கத்தில், சதுரமூலக் குறியின் அருகே அதைக் காணலாம். அடிக்கடி வேண்டியிருப்பவர்கள், இரண்டெழுத்துச் சுருக்கம் ஒன்றை அடித்தால் அது புள்ளியாக மாறும்படி ஐபோனில் ‘டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்’ என்ற இடத்திலும், ஜிபோர்டில் ‘பர்சனல் டிக்ஷனரி’ என்ற இடத்திலும் ஒருமுறை எழுதி வைத்துவிடுவது சௌகரியம். சாமான் பெயருக்கு எதிரே அளவை நேராக நிறுத்தவேண்டும் என்று இடைவெளி விசையைப் பலமுறை தட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சொல்லுக்குப் பின் இரண்டு தரம் தட்டினால் முற்றுப்புள்ளி வேண்டுகிறீர்கள் என்று பலகை தானே முடிவு செய்துவிடும். எழுத்துக்களின் அகலம் ஒவ்வொன்றுக்கு ஒவ்வொரு விதமாக இருப்பதால் எத்தனை இடைவெளி விட்டாலும் அளவுகள் நேராக நிற்கப்போவதும் இல்லை.

இனி, இரண்டாம் பிறவிக்கு வருவோம். அச்சிட்ட புத்தகத்தில் நல்ல கம்பாசிட்டர் கோத்த பட்டியலைப் பார்த்தால், புள்ளி தனியே இடப்புறத்தில் நிற்க, வாசகம் சற்று உள்ளே தள்ளித் தொடங்கியிருக்கும். வாசகம் நீண்டு இரண்டாம் வரிக்கு ஓடினால், அந்த இரண்டாம் வரி புள்ளியின் காலடிக்கு வராமல், முதல் வரியின் சொல் தொடங்கிய இடத்துக்கு நேர் கீழே தொடங்கும். பட்டியலின் அழகெல்லாம் இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. கண்ணை ஓரமாக இறக்கிக்கொண்டே போனால் எத்தனை இனங்கள் என்று எண்ணிவிடலாம். எழுத்தாக இட்ட புள்ளியால் இதைச் சாதிக்க முடியாது. கைப்பேசித் திரையோ குறுகலானது. தமிழ்ச் சொற்களோ நீளமானவை. ‘மேல்நிலைத் தொட்டியைச் சுத்தப்படுத்தாமை’ என்று எழுதினாலே இரண்டாம் வரிக்கு ஓடிவிடும். ஓடிய வரி இடது ஓரத்தில் புள்ளிக்கு அடியில் வந்து ஒட்டிக்கொண்டு, எது புது இனம், எது பழைய இனத்தின் வால் என்று தெரியாமல் செய்துவிடும்.

ஆகையால் தொழில் தெரிந்தவர்கள் புள்ளியைச் சரடில் கோப்பதே இல்லை. ‘இந்தப் பத்தி பட்டியலின் ஓர் இனம்’ என்ற குறிப்பைச் சரடுக்கு வெளியே, தனியான ஓர் ஏட்டில் எழுதி வைக்கிறார்கள்; திரையில் வரையும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துப் புள்ளியை வரைகிறார்கள், வாசகத்தை உள்ளே தள்ளுகிறார்கள். டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் வலைப்பக்கங்களுக்கென்று வகுத்துக் காட்டிய குறிகளிலேயே, பட்டியலுக்கு ஒன்றும் அதன் இனத்துக்கு ஒன்றுமாக யு.எல்., எல்.ஐ. என்ற இரண்டு இடம்பெற்றுவிட்டன. இனம் இன்னதென்று அவர் சொன்னாரேயன்றி எப்படிப்பட்ட புள்ளி என்று சொல்லவில்லை. வட்டமோ வளையமோ சதுரமோ, அது காட்டுகிறவனுடைய பொறுப்பு. ஆண்ட்ராய்டில் இந்தக் காரியத்துக்காக ‘புல்லட்ஸ்பேன்’ என்ற கருவி தயாராக இருக்கிறது. ஆனால் அதை எடுத்து அப்படியே பிரயோகித்தால், புள்ளிக்கும் வாசகத்துக்கும் நடுவே அது விடும் இடைவெளி இரண்டே பிக்ஸல். 1080 பிக்ஸல் அகலமுள்ள இன்றைய திரையில் அது மயிரிழைக்குச் சமானம். அளவைத் தானே குறிப்பிட வேண்டும் என்பதை அறியாத புதியவர்களுடைய செயலிகளில், புள்ளி வாசகத்தின் முதலெழுத்தோடு முட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம்.

இந்த முறையிலும் ஓர் அபாயம் உண்டு, அது முதல் முறையின் அபாயத்துக்கு நேர் எதிரானது. எழுதியதைச் சேமிக்கும் தருணத்தில், செயலியை ஆக்கியவர் சரடை மட்டும் எடுத்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டுக் குறிப்பேட்டை மறந்துபோனால், மறுநாள் திறக்கும்போது சொற்கள் அத்தனையும் இருக்கும், புள்ளிகளில் ஒன்றுகூட இராது. ‘நேற்று இருந்ததே!’ என்று உபயோகிப்பவர் கண்ணைக் கசக்கிக்கொள்வார். நேற்றும் அவை அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை, வரையப்பட்டிருந்தன. ஓரிடத்தில் அழகாக அமைந்த பட்டியலைக் காப்பி செய்து மற்றோரிடத்தில் ஒட்டும்போது புள்ளிகள் மாயமாவதற்கும் இதுவே காரணம்: வடிவத்தை அறியாத பெட்டி சரடை மட்டும் வாங்கிக்கொள்கிறது. சில சமயம் புள்ளிக்குப் பதிலாகக் கட்டம் ஒன்று வந்து விழும். பெரிய கணினிகளில் கடிதம் எழுதும் மென்பொருள் ‘சிம்பல்’ என்ற விசேஷ எழுத்துருவிலிருந்து புள்ளியை எடுத்து, பொது அட்டவணையில் பொருள் வரையறுக்காத தனியார் ஸ்தானம் ஒன்றின் எண்ணைப் போட்டு அனுப்பிவிடுவதால், அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசி என்ன செய்வதென்று அறியாமல் வெறுங்கட்டத்தை வரைகிறது.

பட்டியலைக் காட்டுவதைக் காட்டிலும், எழுத எழுதப் பட்டியலை நடத்திக்கொண்டு போவதுதான் கடினம் என்று மருமகன் சொன்னான். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் அனுபவத்தின் களைப்பு தெரிந்தது. ஒரு வரியை முடித்து என்டர் தட்டினால், அடுத்த வரியில் புள்ளி தானே முளைக்க வேண்டும். வரியின் நடுவில் தட்டினால், வரி இரண்டாகப் பிளந்து இரண்டாவது பாதிக்கும் ஒரு புள்ளி கிடைக்க வேண்டும். ஒன்றும் எழுதாமல் புள்ளி மட்டுமே நிற்கும் வரியில் தட்டினால், ‘பட்டியல் முடிந்தது’ என்று பொருள் கொண்டு அந்தப் புள்ளி மறைய வேண்டும். வரியின் தொடக்கத்தில் நின்று அழிப்பு விசையைத் தட்டினால், முதல் தட்டில் புள்ளி மட்டும் போக வேண்டும், இரண்டாம் தட்டில்தான் வரி மேல்வரியோடு சேர வேண்டும். எழுதுகிறவர் இவற்றையெல்லாம் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒன்று தவறினாலும் எரிச்சல் மட்டும் வந்துவிடுகிறது. இதில் இன்னொரு சூட்சுமம், கைப்பேசியின் பலகை மெய்யான விசைகள் இல்லாத பலகை; என்டர் விசை அழுத்தப்பட்டது என்ற செய்தியை அது செயலிக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் ஆண்ட்ராய்டில் இல்லை. ஆகையால் விசையை எதிர்பார்த்துக் காத்திருப்பவன் ஏமாறுவான். சரடு மாறும்போதெல்லாம் அதைப் பரிசோதித்து, பத்தாம் எண் புதிதாக வந்திருக்கிறதா என்று பார்ப்பவனே பிழைப்பான்.

அதற்காக வைத்திருக்கும் காவலாளுக்கு ‘டெக்ஸ்ட்வாட்சர்’ என்று பெயர். சரடில் மாற்றம் நேர்ந்தவுடன் அவன் எழுந்துவந்து, வேண்டிய இடத்தில் புள்ளியைச் சேர்க்கிறான். புள்ளியைச் சேர்த்ததும் ஒரு மாற்றம் அல்லவா? உடனே அவன் மறுபடியும் எழுப்பப்படுகிறான். அவன் மறுபடியும் சேர்க்கிறான். சிந்திய ஒவ்வொரு ரத்தத் துளியிலிருந்தும் புதிய அசுரன் எழுந்த ரக்தபீஜன் கதைதான். அங்கே காளி துளி விழுமுன் நாவை நீட்டி ஏந்திக்கொண்டாள். இங்கே ‘இது நானே செய்தது, என்னை எழுப்பாதே’ என்று காவலாளிடம் முன்கூட்டிச் சொல்லிவைப்பது புரோகிராம் எழுதுகிறவர் பொறுப்பு. சொல்ல மறந்த செயலி அந்தச் சுழலிலேயே மூச்சுத் திணறி மாண்டுபோகும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று சேர்கிறது. ஆங்கில ஒலியில் அடித்துத் தமிழாக மாற்றும் பலகைகளில், ‘அம்மா’ என்ற சொல் முழுமை அடையும் வரையில் அது இன்னும் பலகையின் கையில்தான் இருக்கிறது. அடியில் ஒரு கோட்டுடன் திரையில் தெரிந்தாலும், செயலிக்கு இன்னும் சாசனமாக எழுதிக் கொடுத்தாகவில்லை. அந்தச் சமயத்தில் செயலி அவசரப்பட்டுச் சரடில் ஒரு புள்ளியைச் சொருகினால், எத்தனையாவது மணியில் நிற்கிறோம் என்ற பலகையின் கணக்கு தப்பி, எழுதிய சொல்லே இருமுறை விழும், அல்லது பாதி எழுத்து விழுங்கப்படும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிடுகிறவர்களுக்கு இந்த நோய் இருப்பதே பல சமயம் தெரிவதில்லை. ‘தமிழ்ல டைப் பண்ணினா ஆப் பைத்தியம் பிடிச்ச மாதிரி நடந்துக்குது’ என்று நாம் சொல்லும்போது, நம்முடைய மொழியின்மேல் குற்றம் என்பதுபோலக் கேட்டுக்கொள்கிறார்கள்.

எழுத்து, வடிவம் என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு சமரச வழியும் பிறந்திருக்கிறது. தட்டச்சர்கள் புள்ளி கிடைக்காத குறைக்கு வரியின் முன்னே நட்சத்திரத்தையும் சிறுகோட்டையும் இட்டு வந்தார்கள் என்றேனே, ஆஸ்கியின் ஏழ்மைக் காலத்தில் மின்னஞ்சல் எழுதியவர்களும் தொடர்ந்த அந்தப் பழக்கத்தையே இலக்கணமாக்கி, ஜான் க்ரூபர் என்ற அமெரிக்கர் 2004-இல், ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற இளைஞரின் ஒத்துழைப்புடன், ‘மார்க்டவுன்’ என்ற முறையை வெளியிட்டார். சரடில் இருப்பது சாதாரணக் கோடு, அதன் பின் ஓர் இடைவெளி. காட்டும்போது அது புள்ளியாகிறது. சரடை யார் எங்கே எடுத்துப்போனாலும், வடிவம் அறியாத பெட்டியில் ஒட்டினாலும், கோடாவது மிஞ்சும். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வாட்ஸ்அப் இதே உபாயத்தைக் கைக்கொண்டது: வரியின் தொடக்கத்தில் சிறுகோடு அல்லது நட்சத்திரம் இட்டு ஓர் இடைவெளி விட்டால் புள்ளிப் பட்டியல், எண்ணும் முற்றுப்புள்ளியும் இட்டு இடைவெளி விட்டால் எண் பட்டியல். அதற்கு எட்டாண்டுகள் முன்னதாகவே சொல்லின் இருபுறமும் நட்சத்திரம் இட்டால் தடித்த எழுத்து என்ற விதியை வாட்ஸ்அப் வைத்திருந்ததால், ஒரே நட்சத்திரத்துக்கு இரண்டு உத்தியோகம் ஆகிவிட்டது. எது எந்த உத்தியோகம் என்று நிர்ணயிப்பது அந்த ஓர் இடைவெளி. அதை விட மறந்துவிட்டு ‘புள்ளி வரவில்லையே’ என்று வருந்துகிறவர்கள் அநேகர். மார்க்டவுன் முறையிலோ, வரியின் தொடக்கத்தில் 1947 என்று எழுதி முற்றுப்புள்ளியும் இடைவெளியும் வைத்துவிட்டால், சுதந்திரம் வந்த ஆண்டும் பட்டியலின் இன எண்ணாகிவிடும்.

நம்மவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திகளில் புள்ளியைவிடச் சுட்டுவிரல் படமும் பச்சைச் சரிக்குறியும் அதிகம் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். சுட்டுவிரல் ஒன்றும் நூதனமல்ல; ஐரோப்பாவில் மத்தியகாலக் கையெழுத்துப் பிரதிகளின் ஓரங்களில் படித்தவர்கள் வரைந்து வைத்த குறி அது, பிறகு ஈய அச்சிலும் வார்க்கப்பட்டது. அழகைப் பற்றி வாதிக்க நான் வரவில்லை. ஆனால் கண்பார்வையற்றவர்கள் கைப்பேசியைக் காதால் படிக்கிறார்கள். வாசித்துக் காட்டும் குரல், ஒவ்வொரு வரியின் முன்னும் அந்தப் படத்தின் பெயரை முழுமையாக உச்சரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறது. புள்ளியை எழுத்தாக இட்டாலும் ‘புல்லட்’ என்று ஒவ்வொரு வரிக்கும் சொல்லக்கூடும். வடிவமாக, முறைப்படி அமைத்த வலைப்பக்கப் பட்டியலானால், ‘ஒன்பது இனங்கள் உள்ள பட்டியல்’ என்று ஆரம்பத்திலேயே அறிவித்துவிட்டு மேலே செல்லும். கேட்பவருக்கு எவ்வளவு தூரம் நடக்கவேண்டும் என்பது முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

எதைப் பட்டியலாக எழுதுவது என்பதிலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சாமான்கள், குறைகள், விலாசங்கள் போன்று ஒன்றுக்கொன்று ஒட்டுறவில்லாதவற்றைப் புள்ளியிட்டுப் பிரிப்பது நியாயம். ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்கும் விஷயங்களைப் புள்ளியிட்டு நறுக்கினால், ‘ஆகையால்’, ‘இருப்பினும்’ என்ற சொற்கள் உதிர்ந்துபோகின்றன. 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேருடன் கொலம்பியா விண்கலம் சிதறிப்போன பின்னர், அது விண்ணிலிருந்தபோதே அதன் சேதத்தைப் பற்றித் தயாரிக்கப்பட்ட ஒரு திரைக்காட்சியை எட்வர்ட் டஃப்டி என்ற அறிஞர் ஆராய்ந்து, புள்ளிக்குள் புள்ளியாக அடுக்கிய வரிகளுக்குள் அபாயத்தின் அறிகுறி அமுங்கிக் கிடந்ததை எடுத்துக்காட்டினார். விசாரணைக் குழுவின் அறிக்கையும் அதைக் குறிப்பிட்டது. என் ஒன்பது குறைகளில் அவ்வளவு பாரதூரமானது எதுவுமில்லை. ஆனாலும் தாழ்ப்பாள் கழன்றதற்கும் இரவில் நாய் மாடியேறி வருவதற்கும் உள்ள சம்பந்தம் என் புள்ளிகளுக்கிடையே காணாமற்போயிருந்தது உண்மை. இரண்டையும் ஒரே வரியாக்கினேன். குறைகள் எட்டாயின.

மருமகனுடைய யோசனைப்படி, புல்லட்டைத் துறந்து, ஆஸ்கி காலம் முதல் எல்லா யந்திரங்களும் அறிந்த சிறுகோட்டை ஒவ்வொரு வரியின் முன்னும் இட்டு, வரிமுறிவு அழிந்தாலும் இனங்கள் பிரிந்து தெரியும்படி ஒவ்வொரு வரியின் கடைசியிலும் முற்றுப்புள்ளி வைத்து, அதே பெட்டியில் மறுபடியும் எழுதி அனுப்பினேன். இதற்குள் சங்கத்தாரும் வரிமுறிவைச் சரிசெய்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்துக் காரியதரிசி தொலைபேசியில் அழைத்தார்.

“சார், லிஸ்ட் இந்தத் தடவை கச்சிதமா வந்திருக்கு. அதை அப்படியே எடுத்துக் கமிட்டி மீட்டிங்குக்காக விரிதாள்ல ஒட்டினேன். கட்டத்துல முதல்ல கோடு இருந்தா கழித்தல் கணக்குன்னு எடுத்துக்குமாம், நம்ம பையன் சொன்னான். தாழ்ப்பாள், தண்ணித் தொட்டி எல்லாத்துக்கும் பேரே தெரியலைன்னு பிழை காட்டுது. விளக்கை மட்டும் ‘- 2 விளக்குகள்’னு எழுதியிருந்தீங்களா, அதைப் பார்த்துட்டு எலக்ட்ரீஷியன் ரெண்டு விளக்கைக் கழட்டிட்டுப் போயிட்டான்.”